கொடி அறுத்த பிறகு

எங்கள் ஊரில் மாடு கன்று ஈன்றதும், வீட்டில் ஒருவர் கண்கொத்திப் பாம்பாக அங்கேயே உட்கார்ந்திருப்பார். இளங்கொடி எப்போது விழும் என்ற காவல் அது. விழுந்ததும் மாடு தின்றுவிடாமல் எடுத்து, வைக்கோலில் சுருட்டி, பழைய சாக்கில் கட்டி, ஆலமரக் கிளையில் தொங்கவிட்டு வருவார்கள். ஆல் பால் மரம்; அதில் கட்டினால் மடியில் பால் குறையாது என்று நம்பிக்கை.

பெண்களுக்கு அந்த மரியாதைகூட இல்லை. குழந்தை அழுததும் பிரசவ அறையில் எல்லார் கண்ணும் அந்தப் பக்கம் போய்விடும். சில நிமிடங்கள் கழித்து வரும் நஞ்சுக்கொடியை நர்ஸ் ஒருவர் மட்டும் தட்டில் விரித்துப் புரட்டிப் பார்ப்பார். துண்டு ஏதாவது உள்ளே நின்றுவிட்டால் ரத்தப்போக்கு ஆபத்தாகும் என்பதால் அந்தச் சோதனை. அது முடிந்ததும் மஞ்சள் நிறக் கழிவுப் பை.

பைக்குள் போவதற்கு முன் அந்தத் தட்டை எட்டிப் பாருங்கள். அரை கிலோ எடை, சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒரு பக்கம் ஈரல் துண்டுகளை நெருக்கி அடுக்கியதுபோல மேடு மேடாக, கருஞ்சிவப்பாக இருக்கும்; கருப்பைச் சுவரில் ஒட்டியிருந்த பக்கம் அது. மறுபக்கம் நீலம் பாய்ந்த வழவழப்பு. நடுவே தொப்புள்கொடி, அதன் அடியிலிருந்து நாலா பக்கமும் கிளைவிட்டு ஓடும் ரத்தக்குழாய்கள். மரம்தான், சந்தேகமே இல்லை.

இதைத் தாயின் உறுப்பு என்றே பலரும் நினைக்கிறோம். பெரும்பகுதி குழந்தையுடையது. கருவின் வெளிப்புறச் செல்கள் கருப்பைச் சுவரைக் குடைந்து உள்ளே போய், தாயின் ரத்தக்குழாய்களை அகலப்படுத்தி, தமக்கு வேண்டிய ரத்தத்தைத் திருப்பிவிட்டுக்கொள்கின்றன. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. ஆனாலும் இருவர் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நடுவே மெல்லிய சுவர் ஒன்று. மடிப்பு மடிப்பாக இருக்கும் அதை விரித்துப் போட்டால் பத்து சதுர மீட்டரைத் தாண்டும், ஒரு சின்ன அறையின் தரை அளவு.

அந்தச் சுவரின் மேற்பூச்சு, செல்கள் ஒன்றோடொன்று கரைந்து, இடைவெளியே இல்லாத ஒரே விரிப்பாக ஆனது. அவற்றை இணைக்கும் புரதம் சின்சைட்டின். அதற்கான மரபணு, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதைகளைத் தொற்றிய ஒரு வைரஸின் மிச்சம் என்று 2000-ஆம் ஆண்டில் தெரியவந்தது. செல்லுக்குள் நுழைய வைரஸ் வைத்திருந்த சாவியைப் பிடுங்கி, அதைக் கொண்டே கரு தனக்கு வேலி போட்டுக்கொள்கிறது. அம்மன் கதைகளில்கூட இப்படியொரு திருப்பம் நான் கேட்டதில்லை.

வேலி என்றால் ஓட்டையும் இருக்கும். 1893-இல் ஜெர்மானிய நோயியல் மருத்துவர் கியோர்க் ஷ்மோர்ல், கர்ப்பகால வலிப்பில் இறந்த பெண்களின் நுரையீரலை ஆராய்ந்தபோது, அங்கே நஞ்சுக்கொடியின் செல்களைக் கண்டார். அது நோயால் வந்த விபரீதம் மட்டுமே என்று விட்டிருக்கலாம். ஆனால் 1996-இல் அமெரிக்காவில் டயானா பியாங்கி குழுவினர் ஆரோக்கியமான தாய்மாரின் ரத்தத்திலும் மகன்களின் செல்களைக் கண்டார்கள். ஒருவர் மகனைப் பெற்று 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வயதுப் பிள்ளைகளில் பலர் வீட்டில்கூட இருப்பதில்லை.

தேடும் முறை எளிது. பெண்ணுடலில் பொதுவாக ஒய் குரோமோசோம் இருக்காது. இருந்தால் அது வேறொருவருடையது. சியாட்டிலில் லீ நெல்சன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இறந்துபோன 59 பெண்களின் மூளையைச் சோதித்தார்கள். 63 சதவீதத்தினரிடம் ஆண் டிஎன்ஏ இருந்தது. அவர்களில் மூத்தவர் 94 வயதில் இறந்தவர். உடனே, மகன்தான் அம்மாவின் மூளையில் குடியிருக்கிறான் என்று யாரும் மீசையை முறுக்க வேண்டாம். மகளின் செல்களும் அதேபோல் தங்குகின்றன. அம்மாவைப் போலவே இரண்டு எக்ஸ் இருப்பதால் தனியாக அடையாளம் காண்பது கஷ்டம், அவ்வளவுதான்.

இதற்கு மைக்ரோகைமெரிசம் என்று பெயர். சிங்கமும் ஆடும் பாம்பும் சேர்ந்த கிரேக்கக் கற்பனை விலங்கிலிருந்து வந்த சொல். நம் கோயில் தூண்களில் யாளி நிற்கிறதே, அந்த வகை. போக்குவரத்து இருவழியும் உண்டு: தாயின் செல்கள் நமக்குள்ளும் வந்து, நாம் வளர்ந்த பிறகும் இருக்கின்றன.

தாயின் உடலுக்குள் போய்க் கருவின் செல்கள் என்ன செய்கின்றன? எலிகளில், காயம்பட்ட தாயின் இதயத்துக்குக் கருவின் செல்கள் போய் இதயத் தசையாக மாறியதைப் பார்த்திருக்கிறார்கள். ஆறிய சிசேரியன் தழும்புகளிலும் குழந்தையின் செல்கள் கிடைத்திருக்கின்றன. இதைக் கேட்டதும் ‘அம்மாவைக் காப்பாற்றும் பிள்ளை’ என்று வாட்ஸ்அப்பில் கண்ணீர் ஓட ஆரம்பித்துவிடும். தோல் இறுகிப்போகும் ஸ்கிளீரோடெர்மா நோயுள்ள பெண்களின் ரத்தத்தில் இச்செல்கள் அதிகமாக இருந்ததையும் 1998-இல் நெல்சன் குழுவினர்தான் சொன்னார்கள். நன்மை, தீமை இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது. அன்னையர் தினத்துக்கு எழுதுகிற ‘தியாகம்’ என்ற ஒற்றைச் சொல்லில் இதெல்லாம் அடங்காது. கொடுப்பது, மறுப்பது, பேரம் பேசுவது, பிறத்தியார் செல்லை ஆயுளுக்கும் வைத்துக்கொள்வது என்று பெண்ணுடல் செய்கிற வேலைகளே வேறு.

எனக்கு மறக்காத ஆய்வு 2005-இல் வந்தது. மகனே பெறாத 120 பெண்களின் ரத்தத்தில் ஆண் செல்களைத் தேடினார்கள். ஐந்தில் ஒருவரிடம் இருந்தது. கருக்கலைப்பு செய்துகொண்டிருந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இருந்தது. சில வாரங்களே இருந்துவிட்டுப் போன கருவும் செல்களை விட்டுச் சென்றிருக்கலாம்.

கர்ப்பிணிகளின் கேஸ் ஷீட்டில் ஜி, பி, எல், ஏ என்று நான்கு எழுத்துகள் இருக்கும். எத்தனை கர்ப்பம், எத்தனை பிரசவம், உயிரோடு எத்தனை, கலைந்தது எத்தனை. ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் வரிசையில் ஒருமுறை எனக்கு முன்னால் மாமியாரும் மருமகளும் நின்றிருந்தார்கள். “இது எத்தனையாவதும்மா?” என்று நர்ஸ் கேட்டார். “இதுதான் தலைச்சன்” என்றார் மாமியார், சட்டென்று. மருமகள் ஒன்றும் பேசவில்லை. மாமியாரின் முதுகுக்குப் பின்னாலிருந்து நர்ஸிடம் இரண்டு விரலைக் காட்டினாள். நர்ஸ் நிமிர்ந்து பார்க்காமலே ஜி-க்கு எதிரே 2 என்று எழுதிக்கொண்டார்.