உங்களுக்குத் தெரியுமா? முயல் புழுக்கையைக் குப்பையில் கொட்டாதீங்க!

வீட்டில் வளரும் ஒரு முயல் ஒரு நாளைக்கு எத்தனை புழுக்கை போடும்? இருபது? ஐம்பது? சும்மா 200 முதல் 300 வரை! இந்தக் கணக்கில் போனால் ஒரே வருடத்தில் ஒரு லட்சத்தைத் தொட்டுவிடும். அத்தனையும் உரம். அதுவும் ஓசியில்!

மாடு போட்டால் சாணம். யானை போட்டால் இலத்தி. கழுதை போட்டால் விட்டை. காக்கை போட்டால் எச்சம். ஆடும் எலியும் முயலும் போட்டால் மட்டும் புழுக்கை! எருவுக்கு இத்தனை பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்த எருவைப் போய்க் கறுப்புப் பாலிதீன் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போடலாமா?

மாட்டுச் சாணத்தையும் முயல் புழுக்கையையும் ஈரத்தோடு எடைபோட்டுப் பாருங்கள். சாணத்தில் தழைச்சத்து சுமார் 0.6 சதவீதம். புழுக்கையில் சுமார் 2.4 சதவீதம். நான்கு மடங்கு! கையளவு பிராணி, மாட்டையே முந்துகிறது!

கோழி எரு சூடு, பச்சையாகப் போட்டால் செடி கருகிவிடும் என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்வார். முயல் புழுக்கை குளிர்ந்த எரு! மட்க வைக்காமல் நேராகத் தொட்டியில் தூவலாம். ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் இன்றைக்கே ஒரு கைப்பிடி போடுங்கள்!

‘ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்று பழமொழி உண்டு. ஆட்டுப் புழுக்கை போட்ட வருடமே பலன் தரும் என்பது அதன் பொருள். முயலும் ஆட்டின் கட்சிதான்!

இப்போது வருவதுதான் நான் ரசித்து ரசித்துச் சேர்த்த சேதி. முயல் இரண்டு விதமாகக் கழிக்கிறது! ஒன்று, நாம் பார்க்கும் உருண்டை. காய்ந்தது, வாசனையே இல்லாதது. இன்னொன்று, மல்பெரிப் பழம்போலக் கொத்தாக, மினுமினுப்பாக, மெத்தென்று வரும். அதை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள். ஏன் தெரியுமா? கீழே விழுவதற்குள் முயலே குனிந்து வாயில் வாங்கி விழுங்கிவிடும்!

அருவருப்பு வேண்டாம். அது மலமே அல்ல, இன்னொரு வேளைச் சாப்பாடு! கெட்டிப் புழுக்கையைவிட அதில் புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பி வகை வைட்டமின்களும் கே வைட்டமினும் கூடவே வரும். குடல்வாலை ஒட்டிய பெருங்குடல் பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் சமைத்துக் கொடுத்த சாப்பாடு அது!

இந்த ரகசியத்தை 1882-இல் எழுதி வைத்தவர் மோரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர். மனிதன் முயலை வளர்க்கத் தொடங்கி எத்தனையோ நூற்றாண்டு ஆன பிறகு!

ஆக, உங்கள் கைக்கு வரும் உருண்டை எது? முயல் உறிஞ்ச வேண்டியதை எல்லாம் உறிஞ்சிவிட்டு, நார் வேறு சத்து வேறாகப் பிரித்துக் கழித்தது. அதிலேயே மாட்டைவிட நான்கு மடங்கு!

சரி, சிறுநீர்? 1 கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 130 மில்லி! 2 கிலோ முயல் ஒன்று நாள்தோறும் கால் லிட்டர் கொடுக்கிறது!

அது பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறதே என்று பதறுகிறீர்களா? அது சுண்ணாம்புச் சத்து! மற்ற பாலூட்டிகள் தின்ற கால்சியத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் சிறுநீரில் விடும். முயல் 45 முதல் 60 சதவீதம் வரை விடுகிறது! சில நாள் சிவப்பாகக்கூட வரும். பெரும்பாலும் தின்ற இலையின் நிறமிதான் காரணம். நாள் கணக்கில் தொடர்ந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கென்யாவிலும் இந்தோனேசியாவிலும் முயல் சிறுநீரைக் கூண்டுக்குக் கீழே பிடித்து, கேனில் அடைத்து, காசுக்கு விற்கிறார்கள்! பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால் திரவ உரம். அப்படியே ஊற்றினால் வேர் வெந்துவிடும்.

முயலை நாம் பழக்கவே வேண்டாம், பாதி வேலையை அதுவே செய்யும்! ஒரே மூலையில் போய் இருப்பது அதன் பிறவிக் குணம். அந்த மூலையில் ஒரு தட்டு, தட்டில் காகிதத் துண்டும் வைக்கோலும். அவ்வளவுதான். மறுநாள் காலையில் தட்டோடு எடுத்து எருக்குழியில் தட்டலாம்!

வைக்கோலும் காகிதமும் கரிச்சத்து. புழுக்கையும் சிறுநீரும் தழைச்சத்து. எருக் குவியல் கேட்பது, தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு. முயலின் தட்டில் இரண்டும் கலந்தே வருகிறது, கலக்கும் வேலையும் மிச்சம்! தட்டு நனைந்து வாடை அடித்தால் வைக்கோலைக் கூட்டுங்கள். மாடித் தோட்டக்காரர்கள் தேங்காய் நார்க்கழிவையும் சேர்க்கலாம். பச்சை நார்க்கழிவில் அந்தக் கணக்கு 100-ஐத் தாண்டும்!

நன்றாக அமைந்த எருக் குவியலுக்குள் கையை விட முடியாது! உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும். களை விதையும் நோய்க் கிருமியும் அதில்தான் சாகும்.

மண்புழுவுக்கு முயல் புழுக்கை கல்யாண விருந்து! கூண்டுக்கு நேர் கீழேயே புழுப் படுக்கை போடுகிறவர்கள் உண்டு. மேலே முயல், கீழே புழு, நடுவில் கம்பி வலை. சிவப்பு மண்புழு ஒன்று ஒரு நாளில் தன் எடையில் பாதி அளவு தின்னும்! சிறுநீர் நேராகப் படாமல் கனமாக வைக்கோல் போட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

இதையும் கேளுங்கள். முயலுக்குச் சொறி வந்தால் ஐவர்மெக்டின் கொடுப்பார்கள். அந்த மருந்தின் பெரும்பகுதி புழுக்கை வழியாகவே வெளியேறும். அப்படிப்பட்ட எருவில் சாண வண்டின் இளம் புழுக்கள் பிழைக்காது! மருந்து கொடுத்த வாரங்களின் புழுக்கையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அந்த மருந்து எங்கே கிடைத்தது தெரியுமா? மண்ணில்! ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அருகே சதோஷி ஒமுரா அள்ளிய ஒரு பிடி மண்ணிலிருந்த நுண்ணுயிர்தான் மூலம். 2015-இல் அதற்கு நோபல் பரிசு!

பிரிட்டனில் 2008-இல் நடந்த கூத்து இது. எரு போட்ட தோட்டங்களில் தக்காளி இலை சுருண்டது, அவரை முறுக்கிக்கொண்டது! குற்றவாளி, புல்வெளியில் தெளித்த அமினோபிராலிட் என்ற களைக்கொல்லி. புல் வெட்டிக் காய்ந்தும் போகவில்லை. மாட்டின் வயிற்றுக்குள் போயும் போகவில்லை. எருவாக மட்கியும் போகவில்லை! அந்த வருடமே அதன் விற்பனையை நிறுத்தி வைத்தார்கள்.

முயலுக்குக் கடையில் வாங்கும் காய்ந்த புல்லிலும் அது ஒளிந்திருக்கலாம். ஆய்வுக்கூடம் வேண்டாம், ஐந்து அவரை விதை போதும்! எருவைக் கலந்த மண்ணில் சிலவற்றை ஊன்றுங்கள், வெறும் மண்ணில் சிலவற்றை ஊன்றுங்கள். எருவில் முளைத்தது மட்டும் இலை சுருண்டால் அந்த எருவைத் தொடாதீர்கள். இதைவிட மலிவான சோதனையை நான் பார்த்ததில்லை!

அந்தக் காய்ந்த புல்லில் பெயர்போனது திமோத்தி புல். திமோத்தி என்பது ஊர் அல்ல, செடியின் குணமும் அல்ல. 1720 வாக்கில் அமெரிக்காவில் இதைப் பரப்பிய திமோத்தி ஹான்சன் என்ற விவசாயியின் பெயர்! இன்று உலகெங்கும் முயல்கள் மெல்லுவது அவர் பெயரைத்தான்!

பூனை மலத்தையும் நாய் மலத்தையும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். பூனை மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும்! முயல் சைவம், ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் பச்சையாகத் தின்னும் கீரைக்கும் முள்ளங்கிக்கும் மட்கிய எருதான் நல்லது. அமெரிக்க இயற்கை வேளாண் விதியைப் பாருங்கள். மண்ணைத் தொடும் காய்க்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் பொறுக்க வேண்டும். மண்ணைத் தொடாத காய் என்றால் 90 நாள்!

நம் கொடைக்கானல் மலையில், மன்னவனூரில், மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. ஆட்டுக்காக வந்த இடத்தில் முயலும் வளர்கிறது! ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்று பெயரே ஒரு தினுசு!

கடைசியாகக் காட்டு முயல். ஐரோப்பியப் புல்வெளிகளில் ஒரு கூட்டமே தினமும் ஒரே திட்டில் போய்ப் புழுக்கை போடும். அது எல்லைக்கல்! பிற முயல்களுக்கு ‘இது எங்கள் இடம்’ என்று எழுதி வைத்த பலகை! அந்தத் திட்டில் மண்ணின் சத்து ஏறுகிறது. தின்ற விதைகளில் சில புழுக்கையோடு வந்து அங்கேயே முளைக்கின்றன. மண்வெட்டி இல்லை, எருக்குழி இல்லை, தோட்டக்காரரும் இல்லை. விதையும் உரமும் ஒரே உருண்டைக்குள்!