வெளிச்சத்துக்கு ஒளியும் மீன்

நிப்பிசிங் ஏரியில் முதல் நாள் நான் தூண்டில் போட்டது காலை பத்து மணிக்கு. ஜூலை வெயில், தண்ணீர் அசையவே இல்லை. மாலை நான்கு மணிவரை ஒன்றுகூடக் கடிக்கவில்லை. வாடகைப் படகைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது படகுத்துறை முதியவர் வானத்தைக் காட்டி, பிக்கரல் சாப்பிட வருகிற நேரத்தில் நீ வீட்டுக்குப் போகிறாயே என்றார். புத்தகங்களில் வால்ஐ என்று எழுதப்படும் மீனுக்கு ஒன்ராறியோவில் பேச்சுவழக்குப் பெயர் பிக்கரல். அவர் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பதினைந்து கோடைகளாக அங்கே போய்வருகிறேன்.

பருத்தித்துறைக் கடலோரத்தில் வளர்ந்தவன் நான். அங்கே வற்றும் பெருக்கும் பார்ப்பார்கள், நீரோட்டம் பார்ப்பார்கள். ஏரியில் பார்க்கவேண்டியவை வெளிச்சமும் வெக்கையும். வால்ஐ வெளிச்சத்துக்கு ஒளியும். அதே ஏரியில் வாழும் நொதேர்ன் பைக் வெக்கைக்கு ஒதுங்கும்.

வால்ஐயின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. பூனைக்கு இருப்பதுபோலத்தான். அந்தி மங்கலில் சின்ன மீன்கள் கண் தெரியாமல் தடுமாறும்போது வால்ஐக்கு நன்றாகத் தெரியும். அதுவே அதன் வேட்டை நேரம். போன கோடையில் இருட்டியபின் என் மகள் ஒன்றை இழுத்தெடுத்தாள். அவளுடைய தலைவிளக்கு அதன்மேல் பட்டது.

"அப்பா, இதின்ர கண்ணைப் பாருங்கோ. உள்ளுக்கு விளக்கு வைச்ச மாதிரிக் கிடக்கு!"

"கையை நனைச்சிட்டுப் பிடி, பிள்ளை. முதுகு முள்ளு குத்தும், கவனம்."

பொன்னும் பச்சையும் கலந்த உடம்பு. வாலின் கீழ்நுனியில் மட்டும் சுண்ணாம்பு தொட்டுவைத்ததுபோல ஒரு வெள்ளை. அந்த வெள்ளையை வைத்தே வால்ஐயை அடையாளம் கண்டுவிடலாம்.

பகலிலும் ஒரு வழி உண்டு. காற்று அடித்து அலை நொறுங்கும்போது வெளிச்சம் உடைந்துதான் தண்ணீருக்குள் இறங்கும். அப்போது காற்று மோதுகிற கரைப்பக்கம் போகவேண்டும். ஆனால் நிப்பிசிங் ஏறத்தாழ 870 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி. சராசரி ஆழமோ நாலரை மீட்டர்தான். இவ்வளவு பரந்த ஏரியில் ஆழம் குறைவென்றால் அலை சட்டென்று எழும். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குக் கீழே வைக்காதீர்கள், உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

தூண்டிலுக்குப் பெரிய செலவில்லை. ஈயத்தலை வைத்த முள்ளை ஜிக் என்பார்கள். அதில் பாதி மண்புழுவையோ ஓர் அட்டையையோ கோத்து, தரை தட்டும்வரை விட்டு, ஒரு சாண் தூக்கி, மறுபடி விழவிடவேண்டும். வால்ஐ வெடுக்கென்று இழுக்காது. ஈரத்துணி மாட்டியதுபோல ஒரு பாரம் தெரியும், அவ்வளவுதான். அதை உணர விரலுக்குப் பழக்கம் வேண்டும். அட்டையையும் இரைமீனையும் தூரத்திலிருந்து கொண்டுபோகாதீர்கள். 2022 முதல் ஒன்ராறியோவில் ஓர் இரை வலயத்திலிருந்து இன்னொன்றுக்கு அவற்றைக் கொண்டுசெல்லத் தடை இருக்கிறது. நோயும் வேற்றிடத்து உயிரினங்களும் ஏரிக்கு ஏரி பரவுவது இப்படித்தான்.

கோடைத் தொடக்கத்தில் சில நாட்கள் எந்த வித்தையும் பலிக்காது. ஏரிக்கரை நகரமான நோர்த் பேயில் ஷாட் ஃப்ளை என்ற பூச்சி, நம் ஊர் ஈசலைப்போல ஏரியிலிருந்து கூட்டமாக எழும்பும். தெருவிளக்கு, சுவர், கார்க் கண்ணாடி எங்கும் அதுதான். தண்ணீருக்குள் வால்ஐக்கு அது பெருவிருந்து. நம் புழுவைத் திரும்பியும் பார்க்காது.

பைக் வேறு சாதி. நீண்ட உடம்பு, வாத்தலகு போன்ற வாய், உள்நோக்கிச் சாய்ந்த பற்கள். பார்த்ததும் எனக்குச் சீலா மீன் ஞாபகம் வந்தது. வடமராட்சிக் கடலின் சாதாளைபோல ஏரியில் வளரும் செடிகளுக்குள் அசையாமல் நின்று, இரை கிட்ட வந்ததும் அம்பாகப் பாயும். வெயில் ஏற ஏறச் சிறிய பைக்குகளே கரையோரச் செடிகளில் தங்கும். பெரியவை குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விடும். தூண்டில் நுனியில் கம்பி கட்டாமல் பைக்கைத் தேடாதீர்கள். என் தூண்டில் நரம்பை மூன்று முறை கத்தரித்ததுபோல அறுத்துக்கொண்டு போயிருக்கிறது.

சமையலில் வால்ஐதான் ஒரு படி மேல். வெள்ளைச் சதை, முள் குறைவு, சொதிக்கும் பொரியலுக்கும் உகந்தது. பைக்கின் சதைக்குள் கவட்டை முட்கள் ஒரு வரிசையாக ஓடும். என் மனைவி அதை அவித்து, முள் பொறுக்கி, கட்லட் செய்வாள். அந்தச் சுவையும் தனிதான். இரண்டுமே மற்ற மீன்களைத் தின்னும் மீன்கள் என்பதால், பெரிதாக வளர வளர உடம்பில் பாதரசம் சேரும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிறிய மீனையே கொடுங்கள்.

பெரிய வால்ஐ அநேகமாகப் பெண். அடுத்த வசந்தத்தின் முட்டைகள் அதன் வயிற்றில்தான். இந்த ஏரியில் வால்ஐ ஒருகாலத்தில் வெகுவாகக் குறைந்துபோனது என்பதை ஏரிக்கரையில் எல்லோரும் அறிவர். நான் பெரியதைத் தண்ணீரிலேயே வைத்து முள் கழற்றி விட்டுவிடுகிறேன். கோடையின் சூடான தண்ணீரில் களைத்த மீன் எளிதில் தேறாது. படம் எடுக்க வெளியே தூக்கி வைத்திருப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

எத்தனை மீன், எந்த அளவு என்ற விதி ஏரிக்கு ஏரி மாறும்; போகுமுன் அந்த ஆண்டின் விதிகளைப் பாருங்கள். ஜூலைத் தொடக்கத்தில் வரும் ஒன்ராறியோ குடும்ப மீன்பிடி வாரத்தில் கனடாவில் வசிப்பவர்களுக்கு உரிமம் தேவையில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், சூரியன் சாயும் நேரத்துக்கு.