செத்தல் மிளகாயைப் பழுதின்றிச் சேமித்தல்



அரைகுறையாகக் காய்ந்த செத்தல், நிறை கூடியதாகத் தோன்றும். ஆயின் சில வாரங்களில் பூஞ்சணம் பிடித்து நிறமும் விலையும் கெடும். அன்றியும், அப்பூஞ்சணங்களுட் சில அஃபிளாடொட்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்கிப் புற்றுநோயையும் விளைவிக்க வல்லது. கழுவினாலும் வறுத்தாலும் அரைத்தாலும் அந்நஞ்சு முற்றாக நீங்காது. நன்கு உலர்த்துவதே தக்க காப்பாகும்.

பறித்தல்

முழுவதும் சிவந்த பழங்களைப் பனி உலர்ந்த பின் காம்புடன் பறித்தல் வேண்டும். மருந்து தெளித்திருப்பின், அதன் சிட்டையிற் குறித்த நாட்கள் கழிந்த பின்னரே பறியுங்கள். அழுகியவற்றையும் புள்ளி விழுந்தவற்றையும் அகற்றுங்கள். நிறம் சீராவதற்கு ஓரிரு நாள் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தல் நன்று.

உலர்த்துதல்

வெறுந்தரையிலும் தெருவோரத்திலும் பரப்பலாகாது. மண்ணிலுள்ள பூஞ்சணமும் தூசியும் பழத்தில் ஒட்டும். சீமெந்துக் களத்தில் பாயோ படங்கோ விரித்து, மெல்லிய படையாகப் பரப்புங்கள். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை கிளறுங்கள். மாலையிற் சேர்த்தெடுத்துப் பனி படாது வையுங்கள். மழை பெய்யின் விறாந்தையிற் பரப்பி வையுங்கள். ஈரத்துடன் குவித்து மூடுதல் கூடாது.

பதம் அறிதல்

பழத்தில் நூற்றுக்கு 75 பங்களவு நீர் உண்டு. சேமிக்கும் செத்தலில் அது 10 பங்கிற்கு மேற்படலாகாது. ஆகவே 100 கிலோ பழம் ஏறக்குறைய 28 கிலோவாகக் குறைதல் வேண்டும். உலர்த்துமுன் நிறுத்துக் குறித்துக்கொண்டால் இதனை அறியலாம். குலுக்கும்போது விதை ஒலிக்க வேண்டும். வளைத்தால் ஒடிய வேண்டும். காம்படி மெத்தென்றிருப்பின் மேலும் உலர்த்துங்கள்.

சேமித்தல்

வெயிற் சூடு ஆறிய பின்னரே கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து ஈரம் பிடிக்கும். பொலித்தீன் உறையிட்ட சாக்கில் இட்டு, வாயை இறுகக் கட்டி, சுவரைத் தொடாது பலகை மேல் அடுக்குங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஈரம் ஊறியிருப்பின் மீண்டும் வெயிலில் இடுங்கள். பூஞ்சணம் கண்டவற்றை நல்லவற்றோடு கலவாது புதைத்துவிடுங்கள்.

விற்குமுன் நீர் தெளித்து நிறை கூட்டும் வழக்கத்தை அறவே கைவிடுங்கள். ஒரு கிலோ நீரை விற்க முனைந்து ஒரு மூட்டைச் செத்தலை இழத்தல் ஆகாது. அம்மூட்டையிலிருந்தே உங்கள் வீட்டு அடுக்களைக்கும் மிளகாய் எடுக்கப்படுகிறது என்பதை மறவாதீர்கள்.