முதலும் செலவும்

2004இல் தமிழ் செம்மொழியான பிறகு மத்திய அரசுப் பணத்தில் ஆய்வு மையம் நமக்குப் பக்கத்திலே மைசூரில்தான் தொடங்கிற்று. 2008இல் சென்னைக்குப் போயிற்று. கன்னடமும் அவ்வாண்டே செம்மொழியானது.

இந்தப் பணம் ஆண்டுதோறும் ஒதுக்கப்படுவது. வியாபாரக் கணக்கில் சொன்னால், மாதச் செலவுக்கு வாங்குகிற காசு. கை சுருங்கினால் மொழித்துறைக்குத்தான் முதல் வெட்டு!

ஹார்வர்டு தமிழ் இருக்கை வேறு விதம். 60 லட்சம் டாலர் முதல். உலகத் தமிழர் கொடுத்தது போக, தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. 2018இல் தொகை நிறைந்தது. முதலைத் தொடாமல், அதன் வருவாயிலே பேராசிரியர் சம்பளம். ஆட்சி மாறினாலும் வகுப்பு நடக்கும். ஆனால் தொகை சேரும்வரை பாடம் காத்துக்கிடக்கணும். நம் பிள்ளைகளோ இப்போதே பெங்களூரில் தமிழ் படிக்கிற வயசு. அரசிடம் ஆண்டு மானியமும் கேட்கணும், நாமும் முதல் சேர்க்கணும்.