திரைப் போரும் புறத்திணையும்

விளையாட்டைப் பழித்தல் ஆசிரியர்க்கு எளிது. பழிக்குமுன் அதனை அருகிருந்து நோக்குதல் அரிது. முப்பதாண்டு கற்பித்த யானும் அவ்வெளிய வழியிலேயே சென்றவன். சென்ற கிழமை நிகழ்ந்ததொன்று என்னைச் சற்றே நிறுத்திற்று.

கிளிநொச்சியில் எம்மில்லத்துக்கு விடுமுறை கழிக்க வந்திருந்தான் மருமகன், பதின்மூன்று வயதினன். யான் மாணாக்கர் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்த கணினியிலிருந்து நான்கு தாழ்ந்த ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாய் மீள மீள எழுந்தன. முதலில் மெல்ல, பின்னர் விரைய. இடையிடையே வெடியோசை. 2009ஆம் ஆண்டை வன்னியிற் கடந்த செவிக்கு, நெருங்கி வரும் ஓசை எதுவும் வெறும் ஓசையன்று. நிறுத்தச் சொல்லவே எழுந்து சென்றேன்.

“மாமா, ஒருக்கா இருந்து பாருங்கோ, பிறகு ஏசுங்கோ” என்றான். இருந்தேன்.

ஆட்டத்தின் பெயர் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. விண்ணிலிருந்து வரும் படையெடுப்பாளர் என்பது பொருள். கருந்திரையின் மேற்புறத்தில் வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசைகளில் 55 உருவங்கள். நண்டு, கணவாய் முதலிய கடலுயிர்களை ஒத்த அவை பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்தை அடைந்ததும் ஒருபடி கீழிறங்குகின்றன. அடியில் ஆடுவோனுக்கென ஒரு பீரங்கி. அதன்முன் நான்கு காப்பரண்கள். ஓர் உருவம் தரையைத் தொட்டாலும் ஆட்டம் முடிந்தது.

அரணின் கீழ் ஒதுங்கியவாறே அவன் சுட்டான். பகைவர் குண்டு மேலிருந்து அரணைத் தின்றது. அவனது குண்டும் கீழிருந்து அதனையே துளைத்தது. தன்னைக் காப்பதைத் தன் படைக்கலமே அழிக்கும் காட்சியைக் கண்டு வாளாவிருந்தேன்.

இதனை ஆக்கியவர் டொமோஹிரோ நிஷிகாடோ என்னும் யப்பானியர். டைட்டோ நிறுவனம் 1978இல் வெளியிட்டது. அக்காலக் கணிப்பொறியின் ஆற்றல் சிறிது. 55 உருவங்களையும் நகர்த்த அது திணறியது. உருவங்கள் அழிய அழியத் திணறல் நீங்கி, எஞ்சியவை விரைந்தன. இதனை அவர் குற்றமெனக் களையாது அணியெனக் கொண்டார். என்னை எழுப்பிய அவ்விரைவின் பிறப்பு இதுவே.

என் நெஞ்சிற் பெரிதும் தைத்தது வேறொரு செய்தி. போர் வீரரைச் சுடும் ஆட்டமாக இதனை அமைக்கலாமோ என்று முதலில் எண்ணப்பட்டது. மனிதரை இலக்காக்குதல் தகாது என்று அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட விண்ணுலகப் படையெடுப்புக் கதை துணைநிற்க, இலக்குகள் வேற்றுலகத்தவராயின. பொழுதுபோக்கிற்கென வகுத்த பொய்ப் போரிலும் இன்னாரைச் சுடலாகாது என ஒரு வரம்பு! அம்பு விடுமுன் மகளிர், பிணியாளர் முதலியோரைக் காப்பிடம் சேரச் சொல்லும் அறத்தை, முதுகுடுமிப் பெருவழுதிமேல் ஏற்றி நெட்டிமையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு நினைவுக்கு வந்தது. இன்றைய ஆட்டங்கள் பலவற்றில் சுடப்படுவோர் மனிதரே. காட்சி வளர்ந்தது, வரம்பு தேய்ந்தது.

“இதில் வெல்வது எப்போதடா?” என்றேன்.

“வெல்லேலாது மாமா. ஒரு கூட்டம் முடிய அடுத்த கூட்டம் வரும். எவ்வளவு நேரம் நிக்கிறம் எண்டதுதான் கணக்கு.”

புறப்பொருள் வெண்பாமாலை மதில்காத்தலை நொச்சி என்று தனித்திணையாக்கும், வெற்றி வாகையாகும். இவ்வாட்டத்தில் நொச்சி உண்டு. முடிவான வாகை இல்லை. தொல்காப்பியர் நிலையாமைக்கு உரித்தாக்கிய காஞ்சியே ஈற்றில் எஞ்சுகிறது. போர்ப்பாட்டுகளுக்கு இலக்கணம் வகுத்தவர் நிலையாமையையும் புறத்திணையுள்ளேயே வைத்ததன் நுட்பத்தை எத்தனையோ ஆண்டு கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் கண்ணாற் கண்டேன்.

அவன் வற்புறுத்த யானும் ஆடினேன். சிறிது பொழுதில் மூன்று உயிரும் போயின. அரண்கள் பொடிந்து கிடந்தன. அவற்றைச் சுட்டி அவன் கேட்டான்: “மாமா, நீங்கள் இருந்த பங்கரும் இப்பிடித்தான் உடைஞ்சதோ?”

போர் முடிந்தபின் பிறந்த பிள்ளை அவன். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை ஏற்றிய அக்குழிகளைப் பற்றி யான் அவனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. கணினியை அணைத்துவிட்டு முற்றத்தில் அமர்ந்தோம். சொல்லக்கூடியதைச் சொன்னேன். அவன் குறுக்கிடாது கேட்டான்.

ஆசிரிய நண்பர்க்கு ஒன்று கூறுவேன். பிள்ளைகளின் கையிலுள்ளதைப் பறிக்குமுன் ஒருமுறை அருகே அமருங்கள். இங்கே சுடப்படுவோன் யார், காக்கப்படுவது யாது என வினவுங்கள். விடையினும் அவ்வினா நெடுந்தொலைவு செல்லும். வன்னியிலே நாம் அவ்வினாவைக் கேளாது விடின், வேறு யார் கேட்பர்?