காரை இரண்டு விரல் இறக்கினால்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. அந்த ஊர்க்காரர் ஒருவர் கார் வாங்கினால், அந்தக் கார் இரண்டு வேறு உலகங்களில் ஓடியாக வேண்டும். ஊர்ச்சாலையில் எதிரே கரும்பு டிராக்டர் வந்தால் இடப்பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கி வழிவிட வேண்டும். உளுந்தூர்பேட்டையில் சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையில் ஏறிவிட்டாலோ, நூறு கிலோமீட்டர் வேகத்திலும் அலம்பாமல் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் பார்த்துத்தான் கம்பெனி நான்கு ஸ்பிரிங்குகளைப் பூட்டி அனுப்புகிறது.

அந்தச் சமரசம் பிடிக்காதவர்கள் உண்டு. ஸ்விஃப்ட், போலோ, ஐ20 வைத்திருக்கும் இளைஞர்களில் சிலர் கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போட்டுக்கொள்கிறார்கள். கடையில் அதற்கு லோயரிங் ஸ்பிரிங் என்று பெயர். வண்டி 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை தாழும். அதாவது ஒன்றரை விரல், இரண்டு விரல். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி மறைந்து, கார் தரையோடு பதுங்கியதுபோல நிற்கும். பார்க்க அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் "வளைவில் ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடுது" என்று அவர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்பிரிங். சுருளை மேலிருந்து அமுக்கும்போது கம்பி வளைவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் கம்பி தன் நீளவாக்கில் முறுக்கிக்கொள்கிறது. பழைய அம்பாசிடரின் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங்கே கிடையாது. நேரான எஃகுத் தண்டு ஒன்று முறுக்கிக்கொண்டு காரைத் தாங்கும். அந்தத் தண்டைச் சுருட்டிவைத்தால் இன்றைய காயில் ஸ்பிரிங். முறுக்கில் வேலை செய்வதால் கம்பியின் தடிமன் மிகப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது: விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. கம்பியில் அதே அளவில் சுருள் செய்தால் விறைப்பு 38 சதவீதம் ஏறிவிடும். சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தாலும் விறைப்பு கூடும். லோயரிங் ஸ்பிரிங் செய்கிறவர்கள் இந்தக் கணக்குகளை வைத்துத்தான் உயரத்தையும் விறைப்பையும் சேர்த்து அமைக்கிறார்கள்.

ஏன் சேர்த்து? வண்டி 30 மி.மீ. தாழ்ந்தால், பள்ளத்தில் விழும்போது சக்கரம் மேலேறுவதற்கு இருந்த இடத்தில் 30 மி.மீ. போய்விட்டது. மிச்சமிருக்கும் இடத்துக்குள்ளேயே அடியைத் தாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் கூடுதலாக எதிர்த்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஷாக் அப்சார்பரின் தண்டில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் துண்டில் போய் இடிக்கும். வளைவின் நடுவில் அப்படி இடித்தால் அந்தப் பக்கத்து விறைப்பு திடீரென்று பல மடங்காகி, டயர் பிடியை விட்டுவிடும்.

இனி உயரம். தலையில் குடம் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்புவதற்கும், இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். எடை தாழ இருந்தால் நல்லது என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு நல்லது என்பதுதான் கேள்வி. 1000 கிலோ கார், எடைமையம் தரையிலிருந்து 53 சென்டிமீட்டர் உயரத்தில், இடவலச் சக்கரங்களுக்கு நடுவே 148 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பில் பாதியளவு பக்கவிசை வரும்படி ஒரு வளைவில் திருப்பினால் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து ஏறக்குறைய 179 கிலோ எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு இடம்பெயரும். எடைமையத்தை 3 சென்டிமீட்டர் இறக்கினால் அது 169 கிலோ. பத்து கிலோதான் மிச்சம். ஆறு சதவீதம்கூட முழுசாக இல்லை. டயரின் பிடி, அதன் மேல் விழும் எடைக்குச் சரிசமமாகக் கூடுவதில்லை என்பதால் இந்த இடமாற்றம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு லாபம். ஆனாலும் இந்த லாபம் பந்தயக்காரனின் கடிகாரத்தில் தெரியுமே தவிர, பால் வாங்கப் போகிறவருக்குத் தெரியாது.

அப்படியானால் வளைவில் கார் சாயாமல் போகிறதே, அது எப்படி? அது விறைப்பின் வேலை. சாய்வதும் எடை இடம்பெயர்வதும் ஒன்றல்ல. மொத்தமாக எவ்வளவு எடை இடம்பெயர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் உயரமும் அகலமும் முடிவு செய்கின்றன. உடல் எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங்கும், இடவலச் சக்கரங்களை இணைக்கும் ஆன்டிரோல் பார் என்ற தண்டும் முடிவு செய்கின்றன. சாயாத காரில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே திரும்புகிறது. ஓட்டுகிறவருக்கு நம்பிக்கை வருகிறது. அந்த நம்பிக்கையைத்தான் பலரும் கூடுதல் பிடி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் முன்பக்கத்தில் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் 1940-களில் உருவாக்கிய எளிய அமைப்பு: கீழே ஒரு லோயர் ஆர்ம், மேலே ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரே தூண். வளைவில் காரின் உடல், கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியை மையமாக வைத்துச் சாய்கிறது. வண்டியை இறக்கினால் லோயர் ஆர்மின் சரிவு மாறி, இந்தப் புள்ளி எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவிலான தூரம்தான் உடலைச் சாய்க்கும் நெம்புகோல். ஆக, இறக்கியதால் நெம்புகோல் நீண்டுபோகிறது! ஸ்பிரிங்கை விறைப்பாக்காமல் வெறுமனே இறக்கிய கார் முன்பைவிட அதிகமாகச் சாயக்கூடும். அழகுக்காக அரையடி இறக்கியவர்களின் கார்கள் வளைவில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காசு செலவழிக்க மனமில்லாமல், இருக்கும் ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றைக் கட்டிங் வீலால் அறுத்துவிடும் பழக்கமும் இருக்கிறது. ஐந்து சுற்று நான்கானால் விறைப்பு 25 சதவீதம் கூடும் என்பது உண்மையே. ஆனால் அறுத்த முனை, அது உட்காரும் தட்டில் சரியாகப் படியாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குட்டையாகிப்போன ஸ்பிரிங் தட்டை விட்டு விலகலாம். திரும்ப எங்கே உட்காரும் என்பது அதன் இஷ்டம். கேஸ் வெல்டிங் தீயில் பழுக்கக் காய்ச்சி இறக்குவது இன்னும் மோசம். ஸ்பிரிங் எஃகின் உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. சூடு அந்தப் பதத்தை எடுத்துவிடும். அப்புறம் அது வெறும் வளைந்த கம்பி. இந்த இரண்டையும் செய்து தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

முறையாக மாற்றுவது எப்படி நடக்கிறது? முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, ஆன்டிரோல் பாரின் லிங்க் ராடைத் தள்ளிவைத்து, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளை எடுத்தால், மேலே பானெட்டுக்குள் நட்டுகள் மட்டும் மிச்சம். அவற்றையும் கழற்றினால் ஸ்ட்ரட் கையோடு வந்துவிடும். அடுத்தது ஆபத்தான கட்டம். ஸ்பிரிங் இன்னும் அமுங்கிய நிலையில், நூற்றுக்கணக்கான கிலோ விசையோடு காத்திருக்கிறது. எதிரெதிராக இரண்டு கம்ப்ரஸர் கொக்கிகளை மாட்டி, இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் திருகி, தட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இடைவெளி தெரிந்த பிறகுதான் நடு நட்டைத் தொட வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் அப்போதும் அதன் நேர் மேலே முகத்தைக் கொண்டுபோக மாட்டார். புது ஸ்பிரிங்கின் முனை தட்டிலுள்ள படியில் முட்டி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகு மூடுவார்.

பல ஒர்க்‌ஷாப்புகளில் தவறவிடும் ஒன்று: லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் புஷ் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் சக்கரங்களின் கோணங்கள் எல்லாம் மாறும். அதைச் சரிசெய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகும், அதுவும் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

ஷாக் அப்சார்பரை மறந்தவர்கள் சீக்கிரம் நினைவுபடுத்திக்கொள்வார்கள். ஸ்பிரிங் துள்ளும், துள்ளலை அடக்குவது ஷாக். விறைப்பு 25 சதவீதம் கூடினால் ஷாக்கின் அடக்கும் திறனும் 12 சதவீதமாவது கூட வேண்டும். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங்கைப் போட்டால், ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் வண்டி குதித்துக்கொண்டே போகும். பின்சீட்டில் இருக்கிற பெரியவர்கள் உங்களுக்கு ஆசி சொல்ல மாட்டார்கள்.

வேகத்தடைக்கு வருவோம். இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மேல்பக்கம் 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு. ஸ்விஃப்ட்டின் முன்பின் சக்கரங்களுக்கு நடுவே 2.45 மீட்டர். அளவுப்படி போட்ட வேகத்தடையில் நான்கு சக்கரங்களும் ஏறி நிற்கும்போது, நடுவில் மேடு சக்கர மட்டத்துக்கு மேலே நான்கரை சென்டிமீட்டர்தான் எழும்பும். 163 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸை 133 ஆக்கிய கார்கூட மெதுவாகப் போனால் தட்டாது. ஆனால் நம் தெருக்களில் ஒரு முழ அகலத்தில் ஊர்க்காரர்களே கொட்டிவைத்த திட்டு, காரின் வயிற்றுக்குக் கீழே தன் முழு உயரத்தோடும் நிற்கும். அது 15 சென்டிமீட்டர் இருந்தால் கம்பெனி உயரக் கார் தப்பித்துவிடும், இறக்கிய கார் அடி வாங்கும். நான்கு பேரும் டிக்கி நிறையப் பண்ருட்டிப் பலாப்பழமும் ஏறியிருந்தால் இரண்டுமே அடி வாங்கும்.

இறக்கிய கார்களுக்கான உண்மையான இடம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது: 1990-இல் திறக்கப்பட்ட, 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம். கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2024-இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த பந்தயத்துக்கு நகரச் சாலையையே தடமாக்கினார்கள். அங்கெல்லாம் வேகத்தடையும் இல்லை, குறுக்கே ஆடும் வராது. ஹூண்டாய் தொழிற்சாலையும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கிறது. அங்கிருந்து வெளியே வரும் கார்கள் ஒரு சாண் உயரத்தில் நிற்கின்றன என்றால், செய்கிறவர்களுக்குத் தாழ்வாகச் செய்யத் தெரியாமல் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உயரம் ஆர்.சி. புத்தகத்தில் அச்சாகவில்லையே என்று வாதாடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தைச் சாலையோரம் நின்று செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

என் கணிப்பில், மங்கலம்பேட்டையிலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை போய்வரும் குடும்பக் காருக்கு லோயரிங் ஸ்பிரிங் தேவையில்லை. நெடுஞ்சாலையில் வண்டி அலம்பினால் முதலில் காற்று அழுத்தம், டயர், புஷ், ஷாக், அலைன்மென்ட் என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேயே அகப்படும். அதன் பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் மாடலுக்கென்றே செய்த, 30 மி.மீ.க்கு மேல் இறக்காத ஸ்பிரிங்குகளை நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து, அதற்கேற்ற ஷாக்கோடு போடுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கும் அன்றைக்கு அவை தேவைப்படும்.