குடல் புற்றுநோய்: இரத்தம் சொல்லும் சேதி

பீர்க்கன்கரணை வட்டாரத் தம்பதிகளே!

மலத்தில் இரத்தம் கண்டால், "மூலம்தானே, சூடுதானே" என்று இருந்துவிடாதீர்கள். பெருங்குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.

நோய் உறுதியானால், சி.இ.ஏ. என்ற புரதத்தை இரத்தத்தில் அளப்பார்கள். 1965-இல் கனடாவில் கண்டறியப்பட்ட புரதம் இது. அளவு 5-க்குள் இருப்பது சாதாரணம். அறுவைக்கு முன் மிகுந்திருந்தால் ஆபத்து அதிகம். பின்னர் இறங்கினால் நல்ல அறிகுறி. மறுபடி ஏறினால் நோய் திரும்பியிருக்கலாம். பீடி, சிகரெட் பிடித்தாலும் ஏறும். ஆகவே முடிவை டாக்டரே சொல்ல வேண்டும்.

அறுவைக்குப்பின், "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று சோதனையை விடாதீர்கள். முதல் 2 ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை அவசியம். கணவருக்கு மனைவியும், மனைவிக்குக் கணவரும் தேதியை நினைவூட்டுங்கள். காலத்தில் கண்டால் உயிர் காக்க வழியுண்டு!